ஆறரை கிலோமீட்டர் கடல்: ‘4.1 மைல்கள்’ ஆவணக் குறும்படம்

கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் வடகரையில் நின்றால் எதிரே துருக்கியின் மலைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இரண்டு நிலங்களுக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஏஜியன் கடற்பகுதியின் அகலத்தையே இயக்குநர் டாஃப்னி மட்ஸியாராகி தம் படத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார். 4.1 மைல் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர். தரையாக இருந்தால் சைக்கிளில் அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் ஆகிய நாடுகளின் போர்களிலிருந்து தப்பி வந்த லட்சக்கணக்கான மக்கள் 2015ஆம் ஆண்டில் இந்தத் தூரத்தைக் காற்றடைத்த ரப்பர் படகுகளில் கடந்தார்கள். கடக்க முடியாமல் மூழ்கியவர்களும் பலர். அவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்த கிரேக்கக் கடலோரக் காவல்படைப் படகொன்றில் ஏறிக்கொண்டு, அதன் கேப்டன் கிரியாகோஸ் பாபடோபுலோஸின் ஒரு நாள் வேலையை இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் காட்டுகிறது இந்தப் படம். 2016இல் வெளிவந்த இதனை நான் மிகத் தாமதமாகத்தான் பார்த்தேன்.

மட்ஸியாராகி கிரேக்கத்தைச் சேர்ந்தவர். அமெரிக்காவில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்தபோது இதை எடுத்தார். சொந்த நாட்டுக் கடலில் நடப்பதைத் தொலைவில் இருந்துகொண்டு செய்தியாக வாசிப்பதில் இருந்த உறுத்தலே அவரை ஊருக்குத் திரும்பச் செய்திருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் இணையதளத்தில் வெளியிட்ட இந்தப் படம் மாணவர்களுக்கான ஆஸ்கரையும் பீபாடி விருதையும் பெற்றது. 2017இல் குறும் ஆவணப்படப் பிரிவில் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஆண்டு விருது சிரியப் போரையே பேசிய ‘தி ஒயிட் ஹெல்மெட்ஸ்’ படத்துக்குச் சென்றது. விருதுக் கதை இத்துடன் போதும்.

படத்துக்குள் போகுமுன் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் கணக்குப்படி 2015இல் மட்டும் கடல் வழியாகக் கிரேக்கத்துக்கு வந்தவர்கள் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் முதலில் கால் வைத்த இடம் லெஸ்போஸ். தீவின் மக்கள்தொகையோ ஒரு லட்சத்தைத் தொடாது. இயக்குநர் அங்கே இருந்தபோது தீவில் இருந்த காவல்படையினர் சுமார் நாற்பது பேர். அதற்கு முன்பு அவர்களின் அன்றாட வேலை எல்லையில் சாதாரண ரோந்து போய் வருவதுதான். அந்த ஆண்டு கோடையில் கிரேக்க அரசே கடன் நெருக்கடியில் மூழ்கிக் கிடந்தது. வங்கிகள் மூடப்பட்டு, இயந்திரத்தில் நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாத நிலையில் மக்கள் வரிசையில் நின்றார்கள். அத்தகைய அரசின் கடைக்கோடித் தீவு ஒன்றில், இரவில் தண்ணீரில் மிதக்கும் மனிதர்களைக் கண்டுபிடிக்க உதவும் வெப்பக் கேமராகூட இல்லாத படகில், இந்த மனிதர்கள் வேலை செய்கிறார்கள்.

அந்த வேலையை அதற்குரிய நுணுக்கத்தோடு காட்டுவதுதான் படத்தின் பெரிய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. மீட்புப் பணி என்றதும் நம் மனத்தில் எழும் படம் ஒருவர் கையை நீட்டுவதும் மற்றவர் பற்றிக்கொள்வதும்தான். உண்மையில் அதற்கு முன்னால் நடப்பதுதான் கடினமானது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய ரப்பர் படகின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில்தான் இருக்கும். காவல்படைப் படகு வேகமாக நெருங்கினால் அது கிளப்பும் அலையே ரப்பர் படகைக் கவிழ்த்துவிடும். மெதுவாக நெருங்கினாலோ, உதவி வந்துவிட்டது என்ற பரபரப்பில் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து நிற்பார்கள், அப்போதும் கவிழும். ஆகவே கேப்டனின் ஒரு கை எப்போதும் படகை ஓட்டுவதில் இருக்க, வாய் ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டிருக்கிறது. உட்காரச் சொல்லும் அந்தக் கட்டளை அவருடைய மொழி தெரியாதவர்களிடம் போகிறது. குழந்தைகளை முதலில் மேலே கொடுக்கிறார்கள். நனைந்த துணியும் உயிர்காப்பு அங்கியும் சேர்ந்து ஒரு சின்னக் குழந்தையின் எடை என்னவாக மாறுகிறது என்பதை, அதை வாங்குகிறவரின் முழங்கை மடங்கும் விதத்தில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

கரையில் நடக்கும் ஒரு காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. தண்ணீர் குடித்துவிட்ட குழந்தையைத் தரையில் கிடத்தி மூச்சைத் திரும்பக் கொண்டுவர முயல்கிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவக் குழு அங்கே வரிசையாக நிற்கவில்லை. அங்கிருக்கும் கைகள் நல்ல கைகள். ஆனால் எங்கே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உறுதியாகத் தெரியாத கைகள். அந்தப் படையினரில் பெரும்பாலோருக்கு இதய இயக்க மீட்புப் பயிற்சியே தரப்பட்டிருக்கவில்லை. முதலுதவி வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும், நீரில் மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவதற்கு முன்பு மூச்சுக் கொடுப்பதுதான் முறை. இதயம் நின்றதற்குக் காரணமே காற்றில்லாமல் போனதுதான் என்பதால் முதலில் காற்று போயாக வேண்டும். குழந்தையாக இருந்தால் அழுத்தும் ஆழம் மார்புக் கூட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய இந்த விஷயத்தை, நூற்றுக்கணக்கானோர் மூழ்கும் கடலில் ரோந்து போகிறவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த அலட்சியத்தைப் பற்றிப் படம் ஒரு வார்த்தைகூடக் குற்றம் சாட்டிப் பேசவில்லை. அந்தக் கைகளின் தயக்கத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. ஓர் அறிக்கை சொல்லியிருக்கக்கூடியதைவிட அதிகமாக அது சொல்லிவிடுகிறது.

படத்தில் பின்னணி விளக்கம் படிக்கும் குரல் கிடையாது. இடையிடையே கேப்டன் பேசுகிறார். அவரும் அதிகம் பேசுகிறவர் அல்லர். இந்த மனிதர்களின் கண்களில் போரின் நினைவுதான் தெரிகிறது என்றும், குண்டுகளுக்குத் தப்பி வந்த குடும்பங்கள் அமைதியான ஒரு நாட்டின் கடலில் ஒருவரையொருவர் இழக்கிறார்கள் என்றும் அவர் சொல்லும் இடம் படத்தின் நடுநாடி. சிரியாவில் உயிரோடு இருந்தவர் கிரேக்கத்தில் இறக்கிறார் என்பதிலுள்ள கொடுமையை இவ்வளவு எளிய சொற்களில் நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவரை வீரராகச் சித்தரிக்க வேண்டும் என்ற ஆசை எந்தத் தயாரிப்பாளருக்கும் எழுந்திருக்கும். மட்ஸியாராகி அதைத் தவிர்த்திருக்கிறார். இங்கே கேப்டன் களைத்துப்போன ஓர் அரசு ஊழியர். ஒரு பயணம் முடிந்ததும் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது என்பதைத் தவிர அவருடைய நாளுக்கு வேறு அமைப்பு இல்லை. பிற்காலத்தில் அவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியவர் என்று செய்தித்தாள்கள் எழுதின. படத்துக்குள் அந்த எண் இல்லை. எண்ணிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒளிப்பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு எப்படி ஆடுகிறதோ அப்படியே படமும் ஆடுகிறது. சில நிமிடங்களில் வயிற்றைப் புரட்டும் அளவுக்கு அது போகிறது. கடற்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனமாக இருக்கவும். இதை அழகியல் உத்தி என்று சொல்லிப் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் குறுகிய தளத்தில், கேமரா வைத்திருப்பவரும் ஒரு ஜோடிக் கைக்குச் சொந்தக்காரர்தான். படமெடுப்பதை விட்டுவிட்டு உதவிக்குப் போக வேண்டி வந்த தருணங்களைப் பற்றி இயக்குநரே பின்னர் பேசியிருக்கிறார். ஆவணப்படக்காரர் தலையிடலாமா, கூடாதா என்று வகுப்பறைகளில் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். இந்தப் படகில் அந்தக் கேள்விக்கு நின்று யோசிக்கும் இடம்கூட இல்லை. படத்தொகுப்பு கச்சிதமானது. ஒலிப்பதிவு அதைவிட முக்கியமானது: இயந்திரத்தின் உறுமல், வானொலிக் கருவியின் கரகரப்பு, பல மொழிகளில் எழும் அழுகை ஆகியவை பிரிக்க முடியாத ஒரே இரைச்சலாக இருக்கின்றன. அவ்வப்போது அந்த இரைச்சல் அடங்கும்போதுதான் நமக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

இனி என் குறை. காப்பாற்றப்படுகிறவர்கள் யார் என்பது இந்தப் படத்தில் கடைசிவரை தெரிவதில்லை. அவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, விட்டுவந்த வீடோ, கடையோ, வகுப்பறையோ இல்லை. முகங்கள் வருகின்றன, வெள்ளிநிறத் தாள் போர்வைக்குள் சுருண்டுகொள்கின்றன, போய்விடுகின்றன. மீட்புப் படகின் நிலையில் நின்று எடுக்கப்பட்ட படத்தில் இது தவிர்க்க முடியாதது என்று வாதிடலாம். மூழ்குகிறவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. அந்த வாதத்தைப் பாதிக்கு மேல் நான் ஏற்கிறேன். ஆனால் கரைக்கு வந்துசேர்ந்த பின்பும் எந்தக் குடும்பத்தோடும் கேமரா தங்குவதில்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. போரினால் பெயர்ந்த மக்களைப் பற்றிய படங்களில் பெரும்பாலும் நேரும் விபத்து இது: உதவுகிறவர் கதாபாத்திரமாகவும் உதவி பெறுகிறவர் கூட்டமாகவும் ஆகிவிடுகிறார்கள். ஓர் ஆசிரியையோ, ஒரு மருந்துக்கடைக்காரரோ, ஒரே ஒருவர் தம் வாயால் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால், கேப்டன் தூக்கியெடுப்பது எதை என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு விடுபடலும் உண்டு. இதைக் குறை என்று சொல்வதா, படத்தின் எல்லை என்று சொல்வதா என எனக்கே தெளிவில்லை. இத்தனை பேர் ஏன் ரப்பர் படகில் வருகிறார்கள் என்ற கேள்வி படத்தில் எழுவதே இல்லை. துருக்கியின் அய்வாலிக் நகரிலிருந்து லெஸ்போஸின் தலைநகரான மித்திலினிக்குப் பயணிகள் கப்பல் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் சில பத்து யூரோ கட்டணத்தில் அதில் ஏறி, தேநீர் குடித்துக்கொண்டே அக்கரை சேர்கிறார்கள். அகதிகளோ ஏஜெண்டுகளிடம் தலைக்கு ஆயிரம் டாலர் வரையிலும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். அவர்களிடம் பணம் இருந்தது, விசாதான் இல்லை. உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் அபராதம் விதிக்க வகைசெய்யும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை 2001இல் பிறப்பிக்கப்பட்டது. கரையில் கால் வைத்துவிட்டால் தஞ்சம் கேட்கும் உரிமை உண்டு. கால் வைப்பதற்கு முறையான வழி இல்லை. சட்டத்தின் இந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகளின் தொழில் நடந்தது. படகை ஓட்ட அவர்களும் கூட வருவதில்லை. பயணிகளில் ஒருவரிடமே இயந்திரத்தின் கைப்பிடியைக் கொடுத்து, எதிரே தெரியும் விளக்கைப் பார்த்து ஓட்டச் சொல்லிவிட்டுக் கரையிலேயே நின்றுகொள்வார்கள். அவருக்குக் கடலே புதிதாக இருந்திருக்கலாம்.

உயிர்காப்பு அங்கிகளின் கதை இதைவிட மோசம். துருக்கியின் இஸ்மிர் நகரில், பாஸ்மனே பகுதிக் கடைகளில், சட்டையும் செருப்பும் தொங்கவிடுவதுபோல் ஆரஞ்சு நிற அங்கிகளைத் தொங்கவிட்டு விற்றார்கள். அவற்றில் பல போலி. மிதக்கும் பொருளுக்குப் பதிலாகப் பொட்டலம் கட்டப் பயன்படும் மலிவான நுரைப்பஞ்சு அடைக்கப்பட்டிருந்தது. அது தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, அணிந்தவரையே கீழே இழுக்கும். 2016 ஜனவரியில் அந்த நகரின் பட்டறை ஒன்றில் இத்தகைய போலி அங்கிகள் ஆயிரத்துக்கும் மேல் பிடிபட்டன. லெஸ்போஸின் வடபகுதியில் மொலிவோஸ் ஊருக்கு அருகே, கரைசேர்ந்தவர்கள் கழற்றிப்போட்ட அங்கிகள் குன்றுபோல் குவிந்து கிடந்ததைப் புகைப்படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். படத்தில் ஒவ்வொருவரின் மார்பிலும் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்க்கும்போது, இதில் எது மிதக்கும், எது மூழ்கடிக்கும் என்ற நினைப்பிலிருந்து என்னால் விடுபட முடியவில்லை.

லெஸ்போஸ்காரர்களுக்கு இந்தக் கடல் வழி புதிதன்று. 1922இல் துருக்கியப் படைகள் ஸ்மிர்னா நகரை, அதாவது இன்றைய இஸ்மிரைக் கைப்பற்றியபோது, சிறிய ஆசியா எனப்படும் துருக்கி நிலப்பரப்பில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரேக்கர்கள் இதே நீரைக் கடந்து இதே கரைகளில் வந்து இறங்கினார்கள்; அடுத்த ஆண்டு லொசான் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொண்டபோது அந்தப் பெயர்ச்சி சட்டமாகவும் ஆனது. இன்று தீவில் வாழ்பவர்களில் பலர் அந்த அகதிகளின் பேரன் பேத்திகள். மித்திலினி நகரில், குழந்தைகளை அணைத்தபடி நிற்கும் சிறிய ஆசியத் தாயின் சிலை ஒன்று உண்டு. 2015இல் வடகரை மீனவர்களும் பாட்டிமார்களும் உதவிக்கு ஓடிவந்ததற்கு இந்தக் குடும்ப நினைவும் ஒரு காரணம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். படத்தில் இந்த வரலாறு இல்லை. இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கும் தெரியாமல் பார்க்கிறவருக்கும் கேப்டனின் முகம் ஒன்றுபோல் தெரியாது.

தமிழில் இதை எழுதும்போது பாக் நீரிணை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1983க்குப் பிறகு தலைமன்னார்ப் பக்கமிருந்து இரவுகளில் கிளம்பிய படகுகள், தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியதும், விடியும்வரை அவர்கள் அங்கே குழந்தைகளோடு காத்துக் கிடந்ததும் இராமேசுவரத்து மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காசு வாங்கியவன் அக்கரையில் நின்றுகொள்வதும், கண்டெடுத்தவன் கையில் இருந்த குடிநீரைக் கொடுப்பதும் இரண்டு கடலுக்கும் பொதுவாக இருக்கின்றன. ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டிக்க நான் விரும்பவில்லை. இந்தப் படம் ஏஜியன் கடலைப் பற்றியது.

படம் வெளிவருவதற்கு முன்பே அந்தக் கடலில் நிலைமை மாறிவிட்டது. கடல் வழியாகத் தீவுகளுக்கு வருகிறவர்களைத் துருக்கிக்கே திருப்பி அனுப்புவதென்று 2016 மார்ச் 18 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, வருகிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வந்தவர்கள் தீவைவிட்டு வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். சுமார் மூவாயிரம் பேருக்கென்று அமைக்கப்பட்ட மோரியா முகாமில் 2020 தொடக்கத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இருந்தார்கள்; அந்த ஆண்டு செப்டம்பரில் முகாம் எரிந்துபோனது. கேப்டன் பாபடோபுலோஸ் 2018 அக்டோபரில் தம் நாற்பத்து நான்காம் வயதில் மாரடைப்பால் இறந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். முதல்முறை வேலையில் மூழ்கிய முகமாகத் தெரிந்தது, இரண்டாம் முறை உறக்கமில்லாத முகமாகத் தெரிந்தது.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பேச்சு பெரும்பாலும் கிரேக்கத்தில்; நான் பார்த்த பதிப்பில் ஆங்கிலத் துணைத்தலைப்புகள் மட்டுமே இருந்தன, ஆனால் வசனம் குறைவு என்பதால் ஆங்கிலம் தடையாக இருக்காது. கைப்பேசியில் பார்ப்பதானால் காதொலிப்பான் அவசியம், ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் பாதிப் படத்தைப் பார்க்காததற்குச் சமம். மூர்ச்சையான குழந்தைகள் காட்டப்படுவதால் சிறுவர்களோடு சேர்ந்து பார்ப்பது சரியல்ல. பதினைந்து, பதினாறு வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் காட்டலாம், காட்டுவதற்கு முன் மேலே சொன்ன விசா விவகாரத்தை ஆசிரியர் பத்து நிமிடம் விளக்கிவிட்டால் நல்லது. இருபது நிமிடப் படம்தானே, படுக்கப்போகும் முன் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நான் அப்படித்தான் பார்த்தேன்; அன்று இரவு மூன்று மணிவரை விளக்கை அணைக்கவில்லை.